தந்தையின் சட்டை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பிள்ளை பிறந்த அன்றே அந்த ஆள் பாதி முழுவதும் பிள்ளைக்கு உரியதாகிவிடுகிறது. எஞ்சிய ஆடை பாதியாவது தந்தையானவனுக்குத் தங்குமா? இந்த ஐயம் எனக்கு எழுந்த இடம் நூலகம் அன்று. சென்ற ஆண்டு என் மகளுக்குப் பெயர் சூட்டிய நாளில், எங்கள் வீட்டுத் திண்ணையில் எழுந்தது.

அன்று நான் ஜீன்ஸும் கட்டம் போட்ட சட்டையும் அணிந்திருந்தேன். காதோரம் முடியை ஒட்ட நறுக்கியிருந்தேன். பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். “பிள்ளை பெத்தாச்சு. இனியாச்சும் பெரிய மனுசனா, லட்சணமா உடுத்தப் பழகுப்பா” என்றார். நான்கு நாள் கழித்துக் கல்லூரிக்கு வந்தேன். அவசரத்தில் கிளம்பியதால் சட்டையின் இடத்தோளில் பால் கக்கிய கறை இருந்தது, நான் கவனிக்கவில்லை. வகுப்புத் தோழன் கவனித்துவிட்டான். “மாப்ளே, எப்படி இருந்தவன்டா நீ! கல்யாணம் பண்ணினப்பகூட மாறலையே, இப்ப இப்படி ஆயிட்டியே!” என்று வருந்தினான். பெரியப்பாவுக்கு நான் மாறவில்லை என்ற குறை. தோழனுக்கோ நான் மாறிவிட்டேன் என்ற குறை. ஒரே வாரத்தில் இரண்டு குற்றச்சாட்டு!

சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மீண்டும் படிக்க வந்தவன் நான். முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு. ஆகவே இக்கேள்விக்கும் வரலாற்றிலேயே விடை தேடினேன். தந்தையான பிறகும் தன் உடையைப் பற்றி ஓயாது எண்ணியவர், எண்ணியதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தவர் யார் என்று பார்த்தால், நமக்கு நன்கு தெரிந்த ஒருவர் வந்து நிற்கின்றார். அவர் காந்தியடிகள். அரையாடை உடுத்தியவரிடமா அலங்காரம் கற்பது என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் மோகன்தாஸ் பம்பாயில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது நிறையவில்லை. ஆனால் அவர் தந்தை. முதல் மகன் ஹரிலால் அந்த ஆண்டில்தான் பிறந்திருந்தான். கைக்குழந்தையையும் மனைவி கஸ்தூரிபாவையும் ஊரில் விட்டுவிட்டுச் சட்டம் படிக்கச் சென்ற இளந்தந்தை, கப்பலில் கறுப்பு உடையை உடுத்திக்கொண்டு, வெள்ளை ஃபிளானல் உடையைக் கரையிறங்கும் நாளுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் அத்தனை பேர் நடுவில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தாம்! குளிர்காலம் தொடங்கும் வேளையில் அங்கே யார் வெள்ளை உடுத்துவார்? பெட்டிகளோ அவர் கைக்கு வந்து சேரவில்லை, மாற்றுடைக்கு வழியில்லை. வெட்கத்தால் குன்றிப்போனதாக அவரே எழுதுகின்றார்.

அன்று மாலையே அவரைக் காண வந்தவர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா. மேத்தா கழற்றி வைத்திருந்த பட்டுத் தொப்பியின் மினுமினுப்பு இளைஞரை ஈர்த்தது. எடுத்துத் தடவிப் பார்த்தார். எதிர்த்திசையில் தடவியதால் மயிரெல்லாம் கலைந்தது. மேத்தாவுக்குச் சினம். பிறர் பொருளைத் தொடாதே என்பதுதான் இங்கிலாந்தில் காந்தியடிகளுக்குக் கிடைத்த முதற்பாடம். இந்த மேத்தாவைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வருவார்.

பிறகு தொடங்கியது நாகரிக வேட்டை. பம்பாயில் தைத்த உடைகள் ஆங்கிலேயர் நடுவில் எடுபடா என்று ஆர்மி அண்டு நேவி ஸ்டோர்ஸில் புதியன வாங்கினார். புகைபோக்கி போன்ற நெடுந்தொப்பி ஒன்று 19 ஷில்லிங். போதாதென்று, நாகரிகத்தின் நடுவிடமான பாண்டு தெருவில் 10 பவுன் கொடுத்து மாலை விருந்துக்கான உடை ஒன்று தைத்துக்கொண்டார். அண்ணனுக்கு எழுதித் தங்கத்தில் இரட்டைவடக் கடிகாரச் சங்கிலி வரவழைத்தார். முடிச்சுப் போட்டே விற்கும் கழுத்துப்பட்டை அழகன்று எனக் கருதித் தாமே முடிச்சிடக் கற்றார். ஊரில் சவரம் செய்யும் நாளில் மட்டும் கண்ணாடி பார்த்தவர், இப்போது ஆளுயரக் கண்ணாடி முன் நாள்தோறும் பத்து நிமிடம் நின்று வகிடு எடுத்தார். நடனம் பயில 3 பவுன். மூன்று வாரத்தில் ஆறு பாடம் ஆயிற்று. கால் தாளத்தில் விழவில்லை. மேலை இசை பழகினால் காது தெளியுமென்று ஒரு வயலினுக்கு மேலும் 3 பவுன்!

இந்த மோகம் ஏறக்குறைய மூன்று மாதமே நீடித்தது என்கிறார் அவர். ஆனால் உடையில் ஒழுங்கு வேண்டும் என்ற கண்டிப்பு மட்டும் பல ஆண்டுகள் விடவில்லை என்றும் சேர்த்தே சொல்கின்றார். இந்த இரண்டாவது வரியை நாம் பெரும்பாலும் படிக்காமல் தாண்டிவிடுகிறோம். மோகம் வேறு, ஒழுங்கு வேறு. பிள்ளை பெற்றவன் மோகத்தை விடலாம். செலவு அதை விட வைத்துவிடும். ஒழுங்கையும் சேர்த்து விட்டுவிடுகிறோமே, அங்கேதான் தவறு நேர்கிறது என்பது என் எண்ணம்.

தாம் மட்டும் உடுத்திய வரையில் இது வேடிக்கையான கதை. 1896ஆம் ஆண்டு இறுதியில் மனைவியையும் பிள்ளைகளையும் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துச் செல்லும்போது இதே கதை முகம் மாறுகிறது. அப்போது ஹரிலாலுக்கு எட்டு வயது. இரண்டாம் மகன் மணிலாலுக்கு நான்கு. உடன் தமக்கையின் மகன் ஒருவன், பத்து வயது. புகழ்பெற்று வரும் வழக்கறிஞரின் குடும்பம் காத்தியவார் வணிகக் குடும்பமாகத் தோன்றலாமா? முழு ஐரோப்பிய உடை பொருந்தாது. அந்நாளில் இந்தியரில் நாகரிகம் மிக்கவர் பார்சிகள் என்ற எண்ணம் இருந்தது. எனவே கஸ்தூரிபாவுக்குப் பார்சிப் பாணிப் புடவை, பையன்களுக்குப் பார்சிக் கோட்டும் கால்சட்டையும் என்று குடும்பத்தலைவர் தீர்ப்பு வழங்கினார். காலுறையும் காலணியும் கட்டாயம். காலணி கடித்துப் பிள்ளைகளின் விரல்கள் புண்ணாயின. காலுறை வியர்த்து நாறிற்று. உண்பதற்குக் கத்தியும் முள்கரண்டியும். மறுப்புச் சொல்ல யாருக்கும் வாயில்லை. தம் அதிகாரத்தால்தான் அவர்கள் இணங்கினர் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொள்கிறார். இவற்றையெல்லாம் நாகரிகத்தின் சின்னங்கள் என்று நம்பி அணிவித்தவர், சில ஆண்டுகளில் தமக்கே அம்மோகம் தீர்ந்ததும் அதே அதிகாரத்தோடு அனைத்தையும் கழற்றவும் செய்தார். பையன்கள் பழகுவதற்கும் பாடுபட்டார்கள், விடுவதற்கும் பாடுபட்டார்கள்.

இப்பகுதியைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஒரு வயதுப் பெண்ணுக்கு நான் ஒரு ஜீன்ஸ் வாங்கி வந்திருந்தேன். அதைப் போட்டால் அவளால் தவழ முடியவில்லை. முட்டியை மடக்க முடியாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். “யாருக்காகப்பா இது, அவளுக்கா, நீ போட்டோ எடுக்கறதுக்கா?” என்று அம்மா கேட்டார். பதில் சொல்லாமல் கழற்றிவிட்டேன்.

டர்பனில் 1897ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் கப்பலிலிருந்து இறங்கிய காந்தியடிகளை வெள்ளையர் கூட்டம் தாக்கியதும், அவர் இந்தியக் காவலர் உடுப்பில், தலைக்கவசமாக ஒரு தட்டை வைத்து அதன்மேல் சென்னைத் துண்டைச் சுற்றிக்கொண்டு தப்பியதும் நாம் அறிந்தவை. அது வேறு கதை. நம் பொருளுக்கு வேண்டியது அதன்பின் வந்த சில ஆண்டுகள். 1897இல் ராம்தாஸ், 1900இல் தேவதாஸ் என மேலும் இரு ஆண்மக்கள் அங்கே பிறந்தனர். பிள்ளைப்பேறு பற்றிக் குசராத்தி மொழியில் எழுதப்பட்ட ஒரு நூலைப் படித்தார். அதன்படி இரு குழந்தைகளையும் தாமே கவனித்துக்கொண்டார். தேவதாஸ் பிறந்த வேளையில் மருத்துவரும் கிட்டவில்லை, மருத்துவச்சியும் வந்து சேரவில்லை; பேறு பார்த்தவரும் அவரே.

அதே காலத்தில்தான் சலவைக் கணக்கும் அவரைக் கலக்கிற்று. கழுத்துப்பட்டி நாள்தோறும் மாற்றவேண்டும், சட்டை ஒன்றுவிட்டு ஒருநாள் மாற்றவேண்டும் என்பது அவர் வழக்கம். சலவையாளரோ நேரத்துக்குக் கொண்டுவருவதில்லை. இரண்டு மூன்று டசன் சட்டைகள் இருந்தாலும் போதவில்லை. இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்வோம்? ‘பிள்ளை குட்டிக்காரனுக்குச் சட்டை எப்படியிருந்தால் என்ன’ என்று கசங்கியதையே மாட்டிக்கொள்வோம். அவர் சலவைக்கலை பற்றி ஒரு நூல் வாங்கினார், படித்தார், மனைவிக்கும் கற்பித்தார். தம் கையால் முதன்முதலில் கஞ்சி போட்ட கழுத்துப்பட்டியை அணிந்து நீதிமன்றம் சென்றார். கஞ்சி அளவுக்கு மிஞ்சிவிட்டது. பெட்டியும் போதிய சூடு இல்லை. பட்டி தீய்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் அழுத்தித் தேய்க்கவும் இல்லை. விளைவு, வழக்கறிஞர்கள் நடுவில் நின்றிருக்கையில் கழுத்திலிருந்து கஞ்சி சொட்டிற்று. எல்லாரும் சிரித்தனர். அவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் முயற்சிதானே என்றார். அதற்கு முன்பே பிரிட்டோரியாவில் வெள்ளை நாவிதர் ஒருவர் முடிவெட்ட மறுத்தபோது தாமே கத்தரித்துக்கொண்டு, பின்மண்டையைக் கெடுத்து, எலி கடித்ததா என்று நண்பர்கள் கேட்கும்படி நின்றவர் அவர். நாளடைவில் அவருடைய சலவை சலவைக்காரர் சலவைக்குத் தாழ்ந்ததன்று என்ற நிலை வந்தது.

தந்தையின் ஒயில் என்று ஒன்று உண்டானால் அதை நான் இங்கேதான் காண்கிறேன். பாண்டு தெருவில் 10 பவுன் கொடுத்து வாங்கிய உடையில் அது இல்லை. கைக்குழந்தையைக் குளிப்பாட்டிய அதே கையால் கழுத்துப்பட்டியைத் துவைத்துத் தேய்த்து, நேரத்துக்கு நீதிமன்றத்தில் நின்றாரே, அதில் இருக்கிறது.

அனுபவத்தில் கண்ட ஒன்றிரண்டை இங்கே சொல்லலாம். கைக்குழந்தை உள்ளவன் தோளில் எந்நேரமும் ஒரு பருத்தித் துண்டு கிடக்கட்டும். கறை துண்டோடு போய்விடும். நம் பாட்டன்மார் துண்டு போட்டது வெறும் கௌரவத்துக்கு என்று எண்ணியிருந்தேன். பேரப்பிள்ளைகளைத் தூக்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பால் கறையைச் சூடான நீரில் நனைக்காதீர்கள், படிந்துவிடும். முதலில் குளிர்ந்த நீர். கழுத்துச் சங்கிலி, சட்டைப்பையில் பேனா, இரண்டும் குழந்தையின் கைக்கு எட்டுபவை. பத்துச் சட்டை தேய்க்காமல் கிடப்பதைவிட மூன்று சட்டை தேய்த்து மடித்திருப்பது மேல். இவ்வளவுதான், மற்றபடி ஜீன்ஸா வேட்டியா என்பது அவரவர் விருப்பம். பெரியப்பா மன்னிப்பாராக.

அடிகளின் உடை அதன்பின் விரைவாக மாறிக்கொண்டே போயிற்று. 1910இல் டால்ஸ்டாய் பண்ணையில் சிறைக்கைதிகளின் உடுப்பைப் பார்த்துத் தைத்த தொழிலாளர் கால்சட்டையும் சட்டையும். செருப்பு தைக்கவும் அங்கே கற்றார். 1913இல் ஒப்பந்தக் கூலிகள் சுடப்பட்டு மாண்டபோது துயரின் அடையாளமாக அக்கூலிகளின் உடை. அவர்களில் மிகப் பலர் தமிழர். 1915இல் பம்பாயில் இறங்கியபோது காத்தியவார் அங்கியும் தலைப்பாகையும்.

பிறகு மதுரை. 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு இரயிலில் வரும்போது உடன் வந்தோர் அந்நியத் துணி உடுத்தியிருந்தனர். கதர் உடுத்துங்கள் என்றார். வாங்க வசதியில்லையே என்றனர் சிலர். தொப்பி, சட்டை, முழுநீள வேட்டி என்று தாம் நிறைய உடுத்தியிருக்க, அவர்களுக்கு என்ன விடை சொல்வது? மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தபோது, செப்டம்பர் 22ஆம் நாள் காலையில், சட்டையையும் தொப்பியையும் நீக்கி முழங்காலளவு துணியோடு வெளியே வந்தார். அந்தக் கோலத்தில் அவர் முதலில் மக்கள்முன் தோன்றிய இடம் இன்றும் காந்தி பொட்டல் எனப்படுகிறது. மேலமாசி வீதி வீட்டில் இன்று கதர் விற்பனை நிலையம் உள்ளது. சென்ற கோடை விடுமுறையில் மகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

அன்று அடிகளுக்கு ஐம்பத்திரண்டு வயது நிறையச் சில நாட்களே இருந்தன. நான்கு மக்களின் தந்தை, பாட்டனாரும் ஆகிவிட்டவர். அந்த வயதில் ஒருவர் தம் தோற்றத்தை அடியோடு மாற்றிக்கொள்வது எளிதன்று. அதைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. முதலில் அக்டோபர் 31 வரையில் என்றே அறிவித்தார். உடன் பணிபுரிவோர் தம்மைப் பின்பற்றிச் சட்டையைக் களைய வேண்டியதில்லை என்றும் தெளிவாகச் சொன்னார். டர்பனுக்குச் சென்ற கப்பலில் பிள்ளைகளின் காலில் காலுறையை மாட்டிய கை, இங்கே தம் மேனியோடு நின்றுகொண்டது.

இங்கேயே முடித்துவிட்டால் கட்டுரை நன்றாக இருக்கும். ஆனால் ஹரிலாலை விட்டுவிட்டு எப்படி முடிப்பது? தந்தையைப் போலவே இங்கிலாந்து சென்று சட்டம் படிக்க வேண்டும் என்பது மூத்த மகனின் ஆசை. ஒருவரை அங்கு அனுப்பிப் படிக்கவைக்கும் செலவை ஏற்க ஒரு நண்பர் முன்வந்தார். அவர் வேறு யாருமல்லர். பட்டுத் தொப்பிக்காரரான அதே டாக்டர் மேத்தா. தேர்ந்தெடுக்கும் பொறுப்புக் காந்தியடிகளிடம் இருந்தது. உறவினரான சகன்லாலை அனுப்பினார்; அவர் உடல்நலமின்றித் திரும்பியபின் சொராப்ஜி என்ற தொண்டரை அனுப்பினார். ஹரிலாலை அனுப்பவில்லை. தன் மகன் என்பதற்காகச் சலுகை தரலாகாது என்பது தந்தையின் கொள்கை. 1911இல் ஹரிலால் தந்தையைப் பிரிந்து இந்தியா வந்தார். மெட்ரிகுலேசன் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றார். 1918இல் மனைவியை நச்சுக் காய்ச்சலில் இழந்தார். குடிக்கு ஆளானார். 1936இல் மதம் மாறி அப்துல்லாவானார். அதே ஆண்டில் மீண்டும் திரும்பினார். தந்தை சுடப்பட்டு இறந்த 1948ஆம் ஆண்டிலேயே சூன் மாதம் பம்பாய் மருத்துவமனையில் மறைந்தார்.

காந்தியடிகளைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. ஆயினும் ஒன்று தோன்றுகிறது. நெடுந்தொப்பியையும் தங்கச் சங்கிலியையும் அணிந்து பார்த்து, சலித்து, தாமாகக் கழற்றியவர் தந்தை. அணிந்து பார்க்காமலே கழற்றும்படி கேட்கப்பட்டவர் மகன். தனக்கு உண்மையாக இருப்பது தந்தைக்கு உரியது. அந்த உண்மை மகனுக்கும் அளவெடுத்துத் தைத்ததாக இருக்கும் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு நேர் எதிரான ஒருவரை நான் அறிவேன். என் தந்தை பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் கண்டதெல்லாம் காக்கி உடுப்பும் வீட்டில் ஒரு கைலியும்தான். ஆனால் அவருடைய 1995ஆம் ஆண்டுத் திருமணப் படத்தில் வேறொரு ஆள் நிற்கிறார். காதை மூடிய முடி, மடிப்பு வைத்த தொளதொளக் கால்சட்டை, அகலக் காலர் வைத்த அரக்கு நிறச் சட்டை, முழங்கைவரை ஏற்றிவிட்ட கை. அந்த ஆள் எங்கே போனார்? நான் ஒருமுறை கேட்டேன். “உனக்குப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்க ஆரம்பிச்சதும் எனக்குத் தைக்கிறது நின்னுபோச்சு” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை; டிக்கெட் விலை சொல்வதுபோல் சொன்னார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. என்னை எதையும் கழற்றச் சொல்லாமல் தாம் மட்டும் கழற்றிவிட்ட மனிதர்.

இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுத்த ஓரிரவு, கழுத்துப்பட்டியில் கஞ்சி சொட்டிய கதையை அவருக்குப் படித்துக் காட்டினேன். மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் குலுங்கிச் சிரித்து, குழந்தை விழித்துவிடப் போகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

“பெட்டி காயலடா. சூடு இல்லாம பயந்து பயந்து தேய்ச்சா கஞ்சி எப்படி இறுகும்? வடிகஞ்சியைத் துணியில வடிகட்டி, தண்ணி விட்டு நீர்க்க வச்சுக்கணும். சட்டையை முக்கிப் பிழிஞ்சு நிழல்ல போடணும். முழுசாக் காயவிடாம, கொஞ்சம் ஈரம் இருக்கறப்போ சுருட்டி வச்சுட்டு, அப்புறம் நல்லா அழுத்தித் தேய்க்கணும். பாவம், அவருக்கு யாரும் சொல்லித்தரல.”

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?” என்றேன்.

“நான் போட்டதெல்லாம் நானே தேய்ச்சதுதானே!”

மறுநாள் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அந்துருண்டை வாசத்தோடு அந்த அரக்கு நிறச் சட்டை அடியில் மடித்தபடி இருந்தது. அப்பா போட்டுப் பார்த்தார். மேல் பொத்தான் இரண்டும் பூட்டின, வயிற்றில் பூட்டவில்லை. அன்று மாலையே கடைத்தெருவில் அதே நிறத்தில் இரண்டேகால் மீட்டர் துணி எடுத்துக்கொண்டு, பழைய தையற்காரர் கடைக்குப் போனோம். காலர் அதே அகலம் வேண்டும் என்று அப்பா இரண்டுமுறை சொன்னார். இப்போது யாரும் அப்படி வைப்பதில்லையே என்றார் தையற்காரர். வைத்துத் தாருங்கள் என்றார் அப்பா. அடுத்த வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லி ரசீது கொடுத்திருக்கிறார்.